போக்காடும் குழவியும்: பிரித்தானிய எண்ணெய் ஓவியங்களில் விவிலியக் காட்சிகளும் அவற்றின் தமிழாக்கமும்

0. முன்னுரை

மொழிபெயர்ப்பு மூவகைப்படும் என்று உரோமான் யாக்கப்சன் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வகுத்துக் காட்டினார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் கூறுதல், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தல், மொழிக்குறிகளை மொழியல்லாத குறிகளாக மாற்றுதல் என்பன அம்மூன்று. இவற்றுள் மூன்றாவதாகிய குறியிடைப் பெயர்ப்பு தமிழாய்வில் மிகக் குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. ஓவியம் விவிலியத்தைப் பெயர்க்கிறது. ஓவியத்தின் தலைப்பும் விளக்கக் குறிப்பும் தமிழுக்கு வரும்போது அப்பெயர்ப்பு மறுபடியும் பெயர்க்கப்படுகிறது. இந்த இரண்டாம் பெயர்ப்பில் நேரும் இழப்புகளும் ஆதாயங்களும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

18, 19ஆம் நூற்றாண்டுகளின் பிரித்தானிய எண்ணெய் ஓவியத்தில் விவிலியக் காட்சி தனியிடம் பெற்றிருந்தது. அக்காட்சியமைப்பு விவிலியப் பொருளோடு நின்றுவிடாமல் போர் ஓவியங்களுக்கும் பரவியது. அவ்வாறு பரவிய ஓவியங்களுள் ஒன்றின் களம் பெங்களூரு. இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமை அலுவலகம் அமைந்திருப்பதும், விவிலியத்தை இந்திய வடிவங்களில் வரைந்த ஓவியர் ஜோதி சாகி பணியாற்றியதும் இந்நகரைச் சார்ந்தே. எனவே பெங்களூருவை மையமாகக் கொண்டு, விவிலியக் காட்சி எவ்வாறு இங்கு வந்தது, எவ்வாறு மாறியது, அதனைத் தமிழில் எவ்வாறு பெயரிடுவது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. காட்சியும் கணமும்

விவிலியக் கதைகூறல் வினைகளின் தொடரோட்டமாக அமைவது. எபிரேய மூலம் வினைகளை 'உம்' என்னும் பொருள்தரும் இணைப்பால் அடுக்கிச் செல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் அவ்வடுக்கை வினையெச்சங்களாக்கி, இறுதியில் ஒரு முற்றால் முடிக்கின்றன. எண்ணெய் ஓவியனுக்கு இவ்வசதி இல்லை. அவன் கதையின் பல வினைகளுள் ஒன்றை மட்டுமே முற்றாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். எஞ்சியவற்றைப் பார்ப்பவரின் நினைவுக்கு விட்டுவிட வேண்டும். எந்த வினையைத் தேர்ந்தான் என்பதே அவனது விளக்கவுரை எனலாம்.

தானியேல் ஆகமத்தின் 5ஆம் அதிகாரம் இதற்கு ஏற்ற சான்று. அரசன் விருந்து செய்கிறான். ஆலயப் பாத்திரங்கள் வருகின்றன. மனிதக் கைவிரல்கள் சுவரில் எழுதுகின்றன. அறிஞர் படிக்க இயலாது திகைக்கின்றனர். தானியேல் வந்து பொருளுரைக்கிறான். அன்றிரவே அரசன் கொல்லப்படுகிறான். 1630களில் இக்கதையை வரைந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்டு, கை எழுதும் கணத்தைத் தேர்ந்தார். அவரது ஓவியத்தில் மையம் அரசனின் திகில். பிரித்தானிய ஓவியர் ஜான் மார்ட்டின் 1820இல் வரைந்து 1821இல் காட்சிக்கு வைத்த 'பெல்ஷாத்சாரின் விருந்து' ஓவியத்திலோ, பரந்த மண்டபத்தின் நடுவே கருநிற ஆடையில் தானியேல் நின்று எழுத்தின் பொருளைக் கூறுகிறான். முன்னதன் வினை எழுதுதல்; பின்னதன் வினை பெயர்த்துரைத்தல். ஆயிரக்கணக்கான உருவங்கள் திரண்ட அந்தப் பேரோவியத்தின் மையத்தில் நிற்பவன் ஒரு மொழிபெயர்ப்பாளன் என்பது இவ்விதழின் வாசகர்க்குச் சுவை தருவதாகும்.

இருவரும் எழுத்தைக் கையாண்ட முறையும் வேறு. ரெம்பிராண்டு எபிரேய எழுத்துகளை வலமிருந்து இடமாக அன்றி மேலிருந்து கீழாக நிரை நிரையாக எழுதினார். அறிஞர்களால் ஏன் படிக்க முடியவில்லை என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் யூத அறிஞர் மெனாசே பென் இசுரவேல் தந்த விளக்கத்தை ஒட்டியது அது. அவ்வாறு எழுதுகையில் இறுதி எழுத்தொன்றில் பிழையும் நேர்ந்தது. மார்ட்டினுக்கு எழுத்தின் வரிவடிவம் முதன்மையன்று. சுவரில் தோன்றிய எழுத்து மண்டபத்தையே ஒளிர்விக்கும் விளக்காகிவிடுகிறது. ஒருவர் எழுத்தைப் படிக்கத் தருகிறார்; மற்றவர் எழுத்தை அஞ்சத் தருகிறார்.

அச்சொற்கள் மூன்றும் சிலேடையாக அமைந்தவை. மெனே என்பதில் எண்ணுதலும், தெக்கேல் என்பதில் நிறுத்தலும், பெரேஸ் என்பதில் பிரித்தலும் பெர்சியர் என்னும் இனப்பெயரும் ஒலிக்கின்றன. அவை எடைப்பெயர்களாகவும் நிற்கக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளெர்மோன்-கன்னோ எடுத்துக்காட்டினார். தமிழ் விவிலியங்கள் இச்சொற்களை ஒலிபெயர்த்தே தருகின்றன. இது குறைபோலத் தோன்றினும் சரியான முடிவே. கதையில் அச்சொற்கள் கேட்போர்க்கு விளங்காதிருப்பதே கதையின் விசை. பெயர்த்துவிட்டால் தானியேலுக்கு வேலையில்லை.

2. அச்சமும் மருட்கையும்

மார்ட்டினின் ஓவியங்களைப் பற்றிப் பேசும் திறனாய்வுகள் 'சப்ளைம்' என்னும் கலைச்சொல்லைத் தவறாமல் ஆள்கின்றன. எட்மண்டு பர்க் 1757இல் வெளியிட்ட நூலில் இதற்கு அளித்த விளக்கத்தின்படி, அளவிறந்த பரப்பு, இருள், வலிமை ஆகியவை உள்ளத்தில் எழுப்பும் அச்சமே இதன் வேர். அவ்வச்சம் நேரடித் தீங்கு இல்லாத தொலைவிலிருந்து உணரப்படும்போது ஒருவகை இன்பமாக மாறுகிறது.

தமிழில் இச்சொல்லுக்கு 'உன்னதம்', 'மேன்மை' என்னும் பெயர்ப்புகள் வழங்குகின்றன. இவை உயர்வை மட்டுமே சுட்டுகின்றன. அச்சத்தை முற்றிலும் இழந்துவிடுகின்றன. கிறித்தவ வழக்கில் 'உன்னதம்' விண்ணகத்தையும் இறைவனின் உயர்வையும் குறிப்பதால் குழப்பம் மேலும் பெருகுகிறது. மார்ட்டினின் பாபிலோன் வீழவிருக்கும் நகரம். அதில் உன்னதம் ஏதுமில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனியே வைக்கிறது. மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் பெருமையும் ஒன்று. அச்சத்திற்குரியவற்றுள் அணங்கும் இறையும் இடம்பெறுகின்றன. எனவே 'மருட்கையச்சம்' என்னும் இணைச்சொல் பர்க் கருதிய பொருளுக்கு நெருங்கி வருவதாகும். இருவேறு மெய்ப்பாடுகள் ஒரே கணத்தில் கலப்பதே அப்பொருளின் சாரம் என்பதால், இணைச்சொல்லாக நிற்பது குறையன்று, பொருத்தமே.

மார்ட்டினின் சாதனையும் வரம்பும் இங்கேயே அமைகின்றன. மண்டபத்தின் தொலைவு, மேலே சுழலும் முகில், பின்னணியில் தெரியும் கோபுரம் ஆகியவற்றில் அவருக்கு நிகர் அக்காலத்தில் அரிது. பிரித்தானிய நிறுவனம் இவ்வோவியத்திற்கு 200 கினி பரிசு அளித்தது. திரண்ட கூட்டத்திலிருந்து ஓவியத்தைக் காக்கத் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. ஆயினும் அவரது மனித உருவங்கள் முகமற்றவை. அச்சம் கட்டடத்தில் இருக்கிறதேயன்றி அரசன் முகத்தில் இல்லை.

அக்கட்டடம் எங்கிருந்து வந்தது என்பது இந்திய வாசகர்க்கு முக்கியமானது. எகிப்திய, இந்தியக் கட்டட வடிவங்களைப் பாபிலோனிய மண்டபத்தில் கலந்து அமைத்ததை மார்ட்டினே விளக்கியுள்ளார். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 படங்கள் கொண்ட 'கீழைக் காட்சிகள்' தொகுதி அக்கால ஓவியர்க்குப் பொதுச் சொத்தாக விளங்கியது. இந்திய பாணியில் எழுந்த செசின்கோட் மாளிகையை மார்ட்டின் நேரில் கண்டு படங்கள் வரைந்தவர். ஆகவே பாபிலோனின் பருத்த தூண்களில் இந்தியக் குடைவரைகளின் சாயலைக் காண்பது மிகையன்று. டேனியல்கள் தென்னாட்டுப் பயணத்தை மேற்கொண்ட ஆண்டு 1792. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, கார்ன்வாலிசின் படை சென்ற தடத்தை ஒட்டி அவர்கள் பெங்களூர் வழியே சென்றனர். இந்தியக் கோயில் தூண், அழியவிருக்கும் வேற்றுச் சமய நகரின் அடையாளமாக விவிலிய ஓவியத்தில் நுழைந்ததற்கு இவ்வாறு படையெடுப்பும் ஒரு வாயிலாயிற்று.

3. போக்காடும் பலிகடாவும்

வில்லியம் ஹோல்மன் ஹன்ட் மார்ட்டினுக்கு நேர்மாறானவர். விவிலியக் காட்சியை அது நிகழ்ந்த நிலத்திலேயே வரைய வேண்டும் என்னும் உறுதியோடு 1854இல் பாலத்தீனம் சென்றார். சாக்கடலின் உப்புக் கரையில் கால் புதைய நிற்கும் தனி ஆடு ஒன்றை வரைந்தார். 1856இல் அரச கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட அவ்வோவியம் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பொருளாகக் கொண்டது. பாவநிவாரண நாளில் இரண்டு ஆடுகள் கொண்டுவரப்படும். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமீது மக்களின் பாவங்கள் சுமத்தப்பட்டு, அது உயிரோடு பாலைக்குள் விடப்படும். ஹன்ட் வரைந்தது இரண்டாவது ஆட்டை. அதன் கொம்புகளில் யூத மரபு கூறும் செந்நிறக் கம்பளி சுற்றப்பட்டுள்ளது.

இரண்டாம் ஆட்டைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'அசசேல்' பற்றிய ஐயம் இன்றும் தீர்ந்தபாடில்லை. அது ஆட்டின் பெயரா, இடத்தின் பெயரா, பாலைவனத்துத் தீய ஆவியின் பெயரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1530இல் வில்லியம் டின்டேல் அதைப் 'போகும் ஆடு' எனப் பிரித்துப் பொருள்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். பின்னர் அச்சொல் பிறர் குற்றத்தைச் சுமப்பவன் என்னும் பொருளில் பரவியது.

தமிழ் விவிலிய மரபில் 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு இதற்குப் 'போக்காடு' என்னும் சொல்லை ஆள்கிறது. இது மிகச் சிறந்த ஆக்கம். போக்கு + ஆடு எனப் பிரித்தால் போக்கிவிடப்பட்ட ஆடு. அதே வேளையில் சாக்காடு, நோக்காடு, வேக்காடு முதலிய தொழிற்பெயர்களின் வடிவமும் அதில் ஒலிக்கிறது. அவ்வாறு கொள்ளின் போதல், நீங்குதல் என்னும் செயலே பெயராகிவிடுகிறது. ஆடும் அதன் போதலும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. மூலச்சொல்லின் இரட்டுறும் தன்மைக்குத் தமிழ் தன் வழியிலேயே ஈடு செய்துள்ளது.

ஆயினும் இதழியல் தமிழும் அகராதிகள் சிலவும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் 'பலிகடா' என்னும் சொல்லையே தருகின்றன. பலிகடா வெட்டப்படுவது, போக்காடு வெட்டப்படாதது. பலிகடா ஊரின் நடுவே, கோயிலின் முன்னே சாவது. போக்காடு ஊருக்கு வெளியே, யாரும் காணாத இடத்தில் தளர்வது. ஹன்டின் ஓவியத்தைப் 'பலிகடா' என்று பெயரிட்டுத் தமிழ் வாசகர் முன் வைத்தால், அவர் படத்தில் கத்தியைத் தேடுவார். அங்குக் கத்தி இல்லை. உப்பும் தொடுவானமும் மட்டுமே உள்ளன. கொல்லாமல் கைவிடுதல் என்னும் கொடுமையே அவ்வோவியத்தின் உள்ளீடு. தவறான ஒரு சொல் அதனை முழுவதும் மறைத்துவிடும். தமிழில் ஏற்கெனவே செப்பமான சொல் இருக்க, அது திருச்சபைச் சொல் என்று ஒதுக்கப்படுவது மொழிக்கு நேரும் இழப்பேயாகும்.

4. பேட்டை வாயிலில் ஓர் அழுங்கல்

விவிலியக் காட்சியமைப்பு போர் ஓவியமாக உருமாறிய வரலாற்றில் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த 'ஜெனரல் உல்ஃபின் மரணம்' (1770) திருப்புமுனை. கியூபெக் போர்க்களத்தில் 1759இல் இறந்த படைத்தலைவனை, சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறிஸ்துவின் கிடப்பில் வெஸ்ட் அமைத்தார். தோழர்கள் சீடரைப்போலச் சூழ்ந்துள்ளனர். சாய்ந்த கொடி சிலுவையின் இடத்தில் நிற்கிறது. அக்கால உடையில் மாந்தர். ஆனால் அமைப்போ பழைய அன்னை அழுங்கல். இத்தாலியர் 'பியெத்தா' என்னும் இவ்வோவிய வகைக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. வீரமாமுனிவர் இயற்றிய சிற்றிலக்கியம் ஒன்று 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்றே பெயர் பெற்றுள்ளது. 'அழுங்கல்' வாய்விட்டு அழுவதையும் உள்ளம் குழைவதையும் ஒருங்கே தரும் சொல்.

வெஸ்டின் அமைப்பு இருபது ஆண்டுகளில் பெங்களூரை எட்டியது. 1791 மார்ச்சுத் தொடக்கத்தில் கார்ன்வாலிசின் படை பெங்களூரை வந்தடைந்து, மார்ச்சு 7ஆம் நாள் பேட்டையைத் தாக்கியது. பேட்டை வாயிலில் சென்னைப் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் சுடப்பட்டு இறந்தார். மார்ச்சு 21ஆம் நாள் இரவு கோட்டையும் வீழ்ந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மாண்டார். அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த ஓவியர் இராபர்ட் ஹோம் (1752–1834) கார்ன்வாலிசின் படையோடு சென்றவர். அவர் 1794இல் 'மைசூரின் தேர்ந்தெடுத்த காட்சிகள்' என்னும் நூலை வெளியிட்டார். இப்போரைப் பற்றி அவர் வரைந்த பெரிய எண்ணெய் ஓவியங்களுள் ஒன்று பெங்களூர்ப் பேட்டை வாயிலில் மூர்ஹவுசின் மரணம். மற்றொன்று 1792இல் திப்புவின் மைந்தர் இருவரைக் கார்ன்வாலிஸ் பிணையாக ஏற்பது. இரண்டும் லண்டன் தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில் உள்ளன.

மூர்ஹவுஸ் ஓவியத்தில் வீழும் உடல், தாங்கும் தோழர், பின்னணியில் புகை என்னும் அமைப்பு வெஸ்டின் வழி வந்தது. வெஸ்டின் வழியே அன்னை அழுங்கலிலிருந்து வந்தது. பார்ப்பவர்க்கு விவிலியம் நினைவுக்கு வராமலே விவிலியத்தின் இரக்கம் கைமாறிவிடுகிறது. இதுவே இக்காட்சியமைப்பின் ஆற்றல். ஓர் இலக்கண வாய்பாட்டில் எழுவாயை மட்டும் மாற்றினால் தொடரின் பொருள் உறவுகள் அப்படியே நிற்பதைப்போல, கிறிஸ்துவின் இடத்தில் படைத்தலைவன் அமர்ந்தவுடன் குற்றமின்மை, தன்னிழப்பு, மீட்பு ஆகிய உறவுகள் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. வாயிலின் மறுபுறத்தில் வீழ்ந்தவர் எவரும் எழுவாயாக இயலாது. அவர்கள் தொடரின் சூழ்நிலையாக, புகையாக, மதிலாக ஆகிவிடுகின்றனர். இரு வாரங்களில் அதே ஊரில் மாண்ட பகதூர் கானுக்கு ஹோமின் அவ்விரு ஓவியங்களிலும் அழுங்கல் இல்லை.

தமிழ்ப் புறத்திணை மரபு இங்குத் துணைபுரியும். தொல்காப்பியம் முற்றுகையையும் எயில் காத்தலையும் உழிஞை என்னும் ஒரே திணையில் வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலையோ மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் பிரித்தது. எவ்வாறாயினும் மதிலுக்கு இருபுறமும் வீரர் உண்டு என்பது அம்மரபின் அடிப்படை. ஹோமின் ஓவியம் நொச்சி இல்லாத உழிஞை. போரில் வீழ்ந்த மகனைக் காணும் தாயின் நிலைக்குப் புறநானூற்றுத் துறைகளில் 'உவகைக் கலுழ்ச்சி' என்னும் பெயரும் உண்டு. பெருமிதமும் அழுகையும் கலந்த அந்நிலை அன்னை அழுங்கலுக்கு அணுக்கமானது. ஆயின் ஹோமின் ஓவியத்தில் தாய் இல்லை. அவளது இடத்தைப் படையணி எடுத்துக்கொண்டது.

இந்நகரின் வரலாற்றில் மற்றொரு சாவுக் குறிப்பையும் இங்கு ஒப்பிடலாம். பெங்களூரு என்னும் ஊர்ப்பெயரை முதன்முதல் தரும் எழுத்துச் சான்றாகக் கருதப்படுவது பேகூர்க் கோயிலில் உள்ள, 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு. அது 'பெங்களூரு' போரில் புட்டண செட்டி என்பவர் இறந்ததைக் கூறுகிறது. ஊரின் பெயர் ஒரு சாவோடு சேர்ந்தே எழுத்தில் தோன்றுகிறது. நடுகல் மரபு சாவின் கணத்தை நாடகமாக்குவதில்லை. பெயர், போர், வீழ்ந்தமை ஆகியவற்றைச் சொல்லி, உருவத்தைக் கல்லில் நிறுத்துகிறது. அழவேண்டியவர் யார் என்பதைக் கல் கட்டளையிடுவதில்லை, ஓவியம் கட்டளையிடுகிறது.

5. தலைப்பின் வினையும் மதிப்பும்

டேவிட் வில்கி 1839இல் முடித்த ஓவியம் 1799 மே 4ஆம் நாள் இரவைப் பொருளாகக் கொண்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், விளக்கொளியில் பேர்டு திப்பு சுல்தானின் உடலைக் காணும் காட்சி அது. 1780இல் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர் பேர்டு. அவரது காலடியில் நிலவறையின் கம்பிக் கதவை வில்கி வரைந்துள்ளார். கீழே சிறை, மேலே எழுந்து நிற்கும் முன்னாள் சிறையாளி, நடுவே ஒளி என்னும் அமைப்பு, குழியிலிருந்தும் சிறையிலிருந்தும் உயர்த்தப்பட்ட யோசேப்பின் கதையை நினைவூட்டுவது. வில்கி அடுத்த ஆண்டே விவிலியக் காட்சிகளுக்குரிய நிலத்தைக் காண எருசலேம் நோக்கிப் புறப்பட்டு, திரும்பும் வழியில் 1841இல் கடலில் இறந்தார் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

இவ்வோவியத்தின் தலைப்பைத் தமிழாக்குவோர் மூன்று இடர்களை எதிர்கொள்வர். முதலாவது, வினை. ஆங்கிலத் தலைப்பில் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயல் எச்சவடிவில் உள்ளது. 'பேர்டு திப்புவின் உடலைக் காண்கிறார்' என்று முற்றாக்கினால் தமிழ் உடனே மதிப்பு விகுதி கேட்கிறது. காண்கிறாரா, காண்கிறானா? ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பைத் தமிழ் வினைமுற்று வற்புறுத்துகிறது. 'காணுதல்' என்னும் தொழிற்பெயர் அத்தீர்ப்பைத் தவிர்க்கிறது. மார்ட்டின் 1816இல் வரைந்த யோசுவா ஓவியத்தையும் 'யோசுவா கதிரவனை நிற்கப் பணித்தல்' என்று பெயரிடுவது இதனாலேயே ஏற்புடைத்து. ஓடும் செயல் சற்று உறைந்துபோவது உண்மையே. ஆயின் ஓவியத்திலும் அது உறைந்தே உள்ளது.

இரண்டாவது, வினையின் பொருள். 'கண்டுபிடித்தல்' என்றால் அதுவரை மறைந்திருந்த ஒன்றைத் திறமையால் வெளிக்கொணர்ந்ததாகும். 'கண்டெடுத்தல்' என்றால் உடல் ஒரு பொருளாகிவிடும். 'காணுதல்' இரண்டிற்கும் இடையே நிற்கிறது. மூன்றாவது, உடலைக் குறிக்கும் பெயர். உடல், சடலம், பிணம், பூதவுடல் என்னும் நான்கும் நான்கு உறவுகள். பிணம் பகைவன் சொல், சடலம் அலுவலகச் சொல், பூதவுடல் அஞ்சலிச் சொல், உடல் பொதுச்சொல். இவ்வாறே மூர்ஹவுசின் இறப்பை 'வீரமரணம்' என்று பெயர்த்தால் மொழிபெயர்ப்பாளர் முற்றுகைப் படையில் சேர்ந்துவிடுகிறார்; 'சாவு' என்றால் மதிலின் உட்புறம் நிற்கிறார். மூலத்தின் நடுநிலைச் சொல்லுக்கு 'மரணம்' போதுமானது. ஓவியம் சாய்கிறதென்றால், அச்சாய்வை வாசகர் ஓவியத்திலேயே காணட்டும். தலைப்பு அதற்கு முன்னே ஓடவேண்டியதில்லை.

ஒற்றைக் கணத்தைத் தேர்ந்தெடுக்கும் இம்முறை ஒன்றே போர் ஓவியத்துக்கு உரியதன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. ஐதர், திப்பு, அணியணியாகக் குதிரைகள், பல்லக்கில் கர்னல் பெய்லி, வெடிக்கும் வெடிமருந்து வண்டி என அனைத்தும் ஒரே பரப்பில் விரிகின்றன. மையக் கணம் எனத் தனித்து எதுவும் இல்லை. கண் சுவரோடு நடந்து செல்ல வேண்டும். வினையெச்சங்களை அடுக்கிச் செல்லும் தொடரமைப்புக்கு நிகரானது இது. அவ்வோவியமும் ஒருதலைச் சார்புடையதே. ஆயினும் எதிரியை எழுவாயாக்கி, பல்லக்கில் விரலைக் கடித்தபடி அமர்த்திக் காட்டும் அளவுக்கு அதில் இடம் இருந்தது.

6. ஆட்டுக்கல்லும் குழவியும்

1944இல் புனேயில் பிறந்த ஜோதி சாகி லண்டன் கேம்பர்வெல் கலைப்பள்ளியில் பயின்றவர். பெங்களூருவை அடுத்த சில்வேபுராவில் தங்கி, கலை ஆசிரமம் ஒன்றை நிறுவினார். து. ச. அமலோற்பவதாஸ் 1967இல் பெங்களூருவில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவத்தின் கலைப்பணிகளிலும் பங்குகொண்டார். பிரித்தானியக் கலைக்கல்வியை நேரில் பெற்ற ஒருவர், பிரித்தானிய விவிலியக் காட்சியமைப்பை ஏன் விட்டு விலகினார் என்பது கருதத்தக்கது.

சாகியின் ஆக்கங்களில் நாடகக் கணம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மரம், விதை, நீர், பாம்பு, நடனம் ஆகிய படிமங்களே கதையைச் சுமக்கின்றன. இவற்றைப் பற்றி அவர் நூல்களும் எழுதியுள்ளார். மார்ட்டினும் வில்கியும் வினையைத் தேர்ந்தனர் என்றால், சாகி பெயரைத் தேர்ந்தார் எனலாம். வினை ஒருவரை வென்றவராகவும் மற்றவரை வீழ்ந்தவராகவும் ஆக்கும்; பெயர் அவ்வாறு பிரிப்பதில்லை.

பிரித்தானிய மெதடிஸ்ட் திருச்சபையின் நவீன கலைத் தொகுப்பில் உள்ள அவரது 'தலித் மடோன்னா' இதற்குச் சிறந்த சான்று. தாயும் சேயும் என்னும் பழைய விவிலியப் பொருளை அவர் இந்திய வீட்டின் அரைக்கும் கல்லில் கண்டார். குழிந்த பெரிய கல் தாய். அதனுள் விதைபோல் பொருந்தி நிற்கும் சிறிய கல் குழந்தை. இக்கருத்தை ஆங்கில வாசகர்க்கு விளக்க ஒரு பத்தி தேவைப்படுகிறது. கல்லின் அமைப்பையும், அது அடுப்படியில் ஆற்றும் பணியையும், சிறிய கல்லைச் சேயாக எண்ணும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் வாசகர்க்கு ஒரு சொல் போதும்: குழவி. கைக்குழந்தைக்கும் குழவி என்பதே பெயர். ஆட்டுக்கல்லில் சுழலும் கல்லுக்கும் குழவி என்பதே பெயர். ஓவியர் வடிவத்தால் செய்த இணைப்பைத் தமிழ் முன்னரே சொல்லால் செய்து வைத்துள்ளது.

இது வெறும் தற்செயல் நயமாக நின்றுவிடவில்லை. அழுங்கல் ஓவியங்களில் தாயின் மடி உயிரற்ற உடலைத் தாங்குகிறது. ஆட்டுக்கல்லின் குழியோ உழைக்கும் கல்லைத் தாங்குகிறது. ஒன்று முடிவின் கணம். மற்றொன்று நாள்தோறும் சுழலும் வேலை. உழைப்பவரின் வீட்டில் விவிலியத் தாயைக் காண்பதற்குப் போர்க்களமோ பாபிலோனிய மண்டபமோ தேவைப்படவில்லை. குறியிடைப் பெயர்ப்பு இங்கு மூலத்தின் மேடையை அகற்றி, மூலத்தின் உறவை மட்டும் வைத்துக்கொண்டது. 'தலித்' என்னும் அடைமொழி அவ்வுறவு யாருடையது என்பதைத் தலைப்பிலேயே ஐயமின்றி நிறுத்துகிறது. எனவே இத்தலைப்பைத் தமிழாக்குவோர் அவ்வடைமொழியை 'எளிய', 'ஏழை' என்று மென்மையாக்குவது பிழையாகும். 'மடோன்னா'வுக்கு 'மாதா', 'அன்னை' என்னும் இரண்டும் பொருந்தும். 'தலித் அன்னை' என்பதில் வழிபாட்டுச் சொல்லும் வீட்டுச் சொல்லும் ஒன்றாகின்றன.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகளை எட்டலாம்.

விவிலியக் காட்சி பிரித்தானிய எண்ணெய் ஓவியத்தில் ஒரு வாய்பாடாக வளர்ந்தது. தேர்ந்தெடுத்த ஒற்றைக் கணம், குற்றமற்ற மையம், சூழும் இரக்கம் ஆகியவை அதன் உறுப்புகள். அவ்வாய்பாடு விவிலியத்தை விட்டு நீங்கியபின்னும் இயங்கியது என்பதற்குப் பெங்களூர்ப் பேட்டை வாயிலும் ஸ்ரீரங்கப்பட்டணமும் சான்றுகள்.

இவ்வோவியங்களைத் தமிழில் பெயரிடும்போது மூன்று நெறிகள் பயன்தரும். ஒன்று, தமிழ் விவிலிய மரபில் செப்பமான சொல் இருப்பின் அதனையே முதலில் நாட வேண்டும். போக்காடும் அழுங்கலும் அத்தகையவை. இரண்டு, மதிப்பு விகுதி வேண்டாத தொழிற்பெயர் வடிவம் தலைப்புக்கு ஏற்றது. மூன்று, திறனாய்வுக் கலைச்சொற்களுக்கு ஒற்றைச் சொல்லே வேண்டும் என்னும் பிடிவாதத்தை விட்டு, மருட்கையச்சம் போன்ற இணைச்சொற்களை ஏற்கலாம்.

மார்ட்டினின் மண்டபத்தில் எழுத்தைப் பெயர்த்துரைக்கும் தானியேல், அரசன் கேட்க விரும்பாத பொருளையே உரைத்தான். சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பேட்டை வாயிலின் ஓவியத்திற்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதவேண்டியவர்க்கும் பணி அதுவே. மதிலின் எப்புறத்தில் நின்று எழுதுகிறோம் என்பதை அவ்வொரு வரியின் பெயரும் விகுதியும் காட்டிக்கொடுத்துவிடும்.